ஓட்டல் பில்லும் உங்கள் கம்ப்யூட்டரும்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி விட்டோம், பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பையன் கேம்ஸ் விளையாடுகிறான், வேறு என்ன செய்யலாம் என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுங்கள் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அரிசி, பருப்பு, பால், கேபிள் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஒரே ஒரு செலவை மட்டும் எழுதுங்கள். அது ஓட்டல் செலவு. கணக்கு எழுதப் பழக இதைவிடச் சுவையான வழி கிடையாது.

நான் இருப்பது ஓசூரில். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர். வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எது பேசினாலும் ஓட்டலில் எல்லாரும் ஒன்றுதான். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கே தட்டே இட்லி, பிசிபேளாபாத், தொன்னை பிரியாணி கிடைக்கும். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி வழியில் போனால் களியும் கறிக்குழம்பும், ஆம்பூர் வகை பிரியாணியும் கிடைக்கும். எனவே எங்கள் வீட்டில் சேரும் பில்கள் இரண்டு மாநிலத்தவை. அதனால்தான் இந்தக் கணக்கு சுவாரசியமானது.

ஷீட் தயாரிப்போம்

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, ஓட்டல், ஊர், எத்தனை பேர், தொகை, காரணம், ஷிப்ட்.

தேதிக்கான செல்லில் கர்சரை வைத்துக் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானாகவே வந்துவிடும். "காரணம்" என்ற இடத்தில் "விசேஷம்" அல்லது "அன்றாடம்" என்ற இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் "பிறந்தநாள்", மறுநாள் "பர்த்டே" என்று மாற்றி எழுதினால் கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறாகத்தான் எடுத்துக் கொள்ளும்.

ஒரு மாதம் எழுதிய பிறகு தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் உள்ள பில்டரை கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் சிறிய அம்புக்குறி வரும். "காரணம்" அம்புக்குறியை கிளிக் செய்து "அன்றாடம்" என்பதை மட்டும் டிக் செய்தால் மற்ற வரிகள் மறைந்துவிடும். இப்போது தொகை காலத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், எக்ஸெல் விண்டோவின் அடிப்பாகத்தில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத்தொகை தெரியும். பார்முலா எதுவும் தேவையில்லை.

எங்கள் வீட்டில் மூன்று மாதம் இப்படி எழுதினோம். மொத்தம் 14,620 ரூபாய். அதில் மூன்று விசேஷங்களுக்குச் செலவானது 5,180 ரூபாய். அன்றாடச் சாப்பாட்டுக்கு 9,440 ரூபாய். "ஷிப்ட்" என்ற தலைப்பில் பில்டர் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த 9,440 ரூபாயில் 6,110 ரூபாய் நைட் ஷிப்ட் வாரங்களில் போயிருந்தது. பகலில் தூக்கம், சமைக்க நேரமில்லை, எனவே பார்சல்.

செலவு கூடுகிறது என்றால் பல வீடுகளில் முதலில் நிறுத்துவது விசேஷத்துக்குக் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போவதைத்தான். வயதான அம்மாவை அழைத்துப் போய் உட்கார வைத்துச் சாப்பிட வைப்பதைத்தான் ஆடம்பரம் என்பார்கள். ஆனால் எங்கள் ஷீட் வேறு கதை சொன்னது. நைட் ஷிப்ட் வாரங்களுக்கு மட்டும் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்தோம். விசேஷச் சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

பில்லில் உள்ள 15 எழுத்துகள்

பில்லை ஷீட்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஓட்டலின் பெயருக்குக் கீழே ஜிஎஸ்டிஐஎன் என்று 15 எழுத்து கொண்ட எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு என்றால் 33, கர்நாடகம் என்றால் 29. அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் அல்லது நிறுவனத்தின் பான் எண். எனவே ஓசூரிலும் பெங்களூரிலும் ஒரே நிறுவனம் கிளை வைத்திருந்தால் முன்னால் உள்ள 33, 29 மாறும், நடுவில் உள்ள பத்து எழுத்துகள் மாறாது. பெயர்ப்பலகை ஒன்றுபோல இருந்தாலும் உண்மையில் அதே ஓட்டலின் கிளைதானா என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

சாதாரண ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு வரி 5 சதவீதம். மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். 840 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 21 ரூபாயும் 21 ரூபாயும் சேர்ந்து பில் 882 ரூபாய் ஆகும். நாம் ஓசூர்க்காரர்கள் ஆயிற்றே, அத்திப்பள்ளியில் சாப்பிட்டால் அந்த மாநிலப் பங்கு யாருக்குப் போகும் என்று என் பையன் கேட்டான். நல்ல கேள்வி. உட்கார்ந்து சாப்பிட்ட இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்குத்தான் போகும். நம் வீட்டு முகவரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வரி வாங்கக் கூடாத ஓட்டல்

எல்லா ஓட்டல்களும் நம்மிடம் வரி வாங்க முடியாது. ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள ஓட்டல்கள் காம்போசிஷன் என்ற திட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லின் மேலேயே, தாங்கள் இந்தத் திட்டத்தில் இருப்பவர்கள், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர்கள் என்று அச்சிட வேண்டும்.

இதைச் சரிபார்க்க உங்கள் கம்ப்யூட்டர் போதும். பிரவுசரில் ஜிஎஸ்டி போர்ட்டல் என்று தேடி, அரசின் இணையதளத்துக்குச் செல்லுங்கள். "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற மெனுவில் பில்லில் உள்ள 15 எழுத்துகளை டைப் செய்து, படத்தில் தெரியும் எண்களையும் கொடுத்து என்டர் தட்டுங்கள். லாகின் தேவையில்லை. உரிமையாளர் பெயர், வியாபாரப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா, ரெகுலரா காம்போசிஷனா என்று எல்லாம் வரும்.

எங்கள் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு ஓர் ஓட்டலின் ஹாலில் 60 பேருக்குச் சாப்பாடு பேசினோம். இலைக்கு 260 ரூபாய் வீதம் 15,600 ரூபாய். எஸ்டிமேட் சீட்டில் வரி 780 ரூபாய் என்று கூடுதலாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணைப் போட்டுப் பார்த்தால் காம்போசிஷன் என்று வந்தது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போய்க் காட்டினேன். சண்டை எதுவும் இல்லை. கல்லாவில் இருந்தவர் பார்த்துவிட்டு, "சரி சார், வரியை எடுத்துடறோம்" என்று சீட்டைத் திருத்திக் கொடுத்தார். 780 ரூபாய் என்பது அந்தக் கணக்கில் மூன்று பேரின் சாப்பாடு.

14 இலக்க எண்

2022 ஜனவரி 1 முதல் ஓட்டல் பில்லில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சிறு கடைகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம். இங்கே தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகத்துக்கு 12. ஜிஎஸ்டியின் 33, 29 உடன் குழப்பிக் கொள்ளாதீர்கள். ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்துத் தேடலாம். நிறையப் பேருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடப் போகும் சாப்பாடு அது.

சர்வீஸ் சார்ஜ்

பெரிய ஓட்டல்களில் வரிக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கலாம். இது அரசு வரி அல்ல. இதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பரிமாறியவருக்கு டிப்ஸ் தர விரும்பினால் அதை அவர் கையிலேயே கொடுங்கள்.

போகும் முன் ஒரு பார்வை

விசேஷத்துக்குப் புது ஓட்டல் தேடும்போது கூகுள் மேப்ஸில் நட்சத்திரங்களை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றி வைத்துப் படியுங்கள். நான்கு வருடம் முன்பு புகழ் பெற்ற ஓட்டல், கை மாறியிருக்கலாம். வாடிக்கையாளர்கள் எடுத்த போட்டோக்களில் மெனு கார்டு இருந்தால் விலை தெரியும். ஆனால் போட்டோவின் தேதியையும் பாருங்கள். கடைசியாக ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இன்று மூடியிருக்கிறதா, இருபது பேருக்கு இடம் கிடைக்குமா என்பதை மேப்ஸைவிட ஓட்டல்காரர்தான் சரியாகச் சொல்வார்.

இன்று இரவே ஷீட்டைத் தயார் செய்து "ஓட்டல்" என்ற பெயரில் சேவ் செய்து வையுங்கள். சட்டைப் பையில் கசங்கிக் கிடக்கும் பழைய பில்களை எடுத்து, எண்கள் மங்கிப் போகும் முன் ஏற்றிவிடுங்கள். வெயிலும் வியர்வையும் பட்டால் அந்தத் தாளில் எழுத்து நிற்காது. மூன்று மாதம் கழித்துப் பில்டர் போட்டுப் பாருங்கள். எந்தச் சாப்பாட்டைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.