வேட்டைக்கு ஆப்பிரிக்கா போகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

காட்டுப்பன்றி வயலையே உழுதுவிட்டுப் போனாலும் தமிழ்நாட்டு விவசாயி துப்பாக்கியைத் தூக்க முடியாது. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படியும் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர்தான். அதுவும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை மட்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நெருக்கியது. 1991-இல் வந்த திருத்தம் வேட்டை உரிமம் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. அதனால் ஆசை விடாதவர்களும் கையில் காசுள்ளவர்களும் தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா என்று பார்க்கிறார்கள். அங்கே கட்டணம் கட்டி, உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் துணையோடு சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடுத்து, 2019-இல் மறுபடி திறந்துவிட்டது.

வேட்டை சரியா தவறா என்பது தனி வழக்கு. எனக்கு வேட்டையில் விருப்பமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். துப்பாக்கி இல்லாமல் கேமராவோடு காடு பார்க்கப் போகிறவர்களே நம்மூரில் அதிகம். கீழே வரும் கணக்கில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

திருச்சி புத்தூரில் ஒரு வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ஆப்பிரிக்காவா? அங்க ஆளைக் கடத்திடுவாங்களாமே?" என்பதாகத்தான் இருக்கும். வெறும் பயம் என்று தள்ள முடியாது. 2025 நவம்பரில் மாலி நாட்டில் மின்வேலைக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஐந்து பேரை ஆயுதக்குழு கடத்தியது. ஆனால் மாலியின் தலைநகர் பமாகோவிலிருந்து நமீபியாவின் விண்ட்ஹோக், திருச்சியிலிருந்து பாக்தாத் இருப்பதைவிடத் தொலைவு. பாக்தாதில் குண்டு வெடித்தால் புத்தூர் நால்ரோட்டில் யாரும் கடையை மூடுவதில்லை.

கண்டத்தை விடுங்கள், ஒரு நாட்டையே ஒன்றாகப் பார்ப்பதும் தப்புக்கணக்கு. மொசாம்பிக்கின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோவில் 2017 முதல் தீவிரவாதிகளின் தாக்குதல் நடக்கிறது. வேட்டைப் பயணிகள் போவது பக்கத்திலுள்ள நியாசா வனப்பகுதிக்கு. 2025 ஏப்ரலில் அங்கிருந்த ஒரு வேட்டை முகாமுக்குள்ளேயே ஆயுதக்காரர்கள் புகுந்து, வேலை செய்துகொண்டிருந்த இருவரைக் கொன்றார்கள். எனவே "மொசாம்பிக் பத்திரமா?" என்று கேட்டுப் பயனில்லை. எந்த மாகாணம், எந்த மாதம், எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும். நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரைகளோடு பிரிட்டன் அரசின் பயண அறிவுரையையும் படிப்பது நல்லது. அது நாட்டு வரைபடத்தைப் பகுதி பகுதியாக நிறம் பிரித்துக் காட்டுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். பயணம் ஏற்பாடு செய்பவரிடம் கேட்டால் "ஒன்றும் பயமில்லை" என்பார். அவர் பிழைப்பு அது.

விலங்கால் வரும் ஆபத்து உண்மையானது. அனுபவம் அதை முழுக்கத் தடுத்துவிடாது. 2017-இல் ஜிம்பாப்வேயில், சுடப்பட்ட யானை மேலே விழுந்து இறந்தவர் பல்லாண்டு இதையே தொழிலாகச் செய்தவர். 2025 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் ஓர் அமெரிக்க வேட்டைப் பயணியைக் காட்டெருமை முட்டிக் கொன்றது. அப்போது தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருந்தார். இருந்தாலும், காடு பார்க்கப் போகிறவர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது சாலையைப் பற்றி. 2025 ஜூனில் கத்தாரிலிருந்து கென்யாவுக்குச் சுற்றுலா வந்த இந்தியக் குழுவின் பேருந்து கவிழ்ந்து, கேரளத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். ராத்திரி வண்டி ஓட்டமாட்டோம் என்று எழுத்தில் தரும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடிபட்ட பிறகு என்ன ஆகும் என்பதுதான் நாம் யோசிக்க மறக்கும் இடம். புத்தூர்வாசிக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை தெருமுனையில் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் போதும் என்ற பழக்கத்திலேயே வாழ்ந்துவிட்டோம். வேட்டை முகாமிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு மண்பாதையில் பல மணி நேரம் ஆகலாம். சில இடங்களில் சிறு விமானம்தான் வழி. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1957-இல் தொடங்கிய 'பறக்கும் மருத்துவர்கள்' சேவை நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து இதற்கென்றே இயங்குகிறது. அதில் சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டியே உறுப்பினர் ஆகலாம். முகாம்காரரிடம் சிங்கம் உண்டா என்று கேட்பதற்கு முன் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா, ஓடுபாதை எவ்வளவு தூரம், முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேளுங்கள்.

அந்த விமானத்துக்கு யார் பணம் தருவது? பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நம் நாட்டில் விற்கும் பல பயணக் காப்பீடுகளில், 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற பொடியெழுத்துப் பட்டியலில் ஆபத்தான விளையாட்டுகளோடு வேட்டையும் வரும். முகவரின் வாய்ச்சொல் போதாது. வேட்டைக்கும் மருத்துவ விமானத்துக்கும் பொருந்தும் என்று எழுதி வாங்க வேண்டும்.

சொந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகிற ஆசையை விட்டுவிடுவதே உத்தமம். இங்கிருந்து வெளியே கொண்டுபோக உரிமம் வேண்டும், இறங்கும் நாட்டில் தற்காலிக அனுமதி வேண்டும். திருச்சியிலிருந்து நேர் விமானம் இல்லாததால் துபாயிலோ கொழும்பிலோ மாறும்போது அந்த நாட்டுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முகாமிலேயே வாடகைக்குத் தருவார்கள். பழைய தோட்டா ஒன்று பையின் மூலையில் கிடந்தாலும் விமான நிலையத்தில் வழக்குதான்.

சுட்டதன் கொம்பையும் தோலையும் ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற கனவு வேறு சிலருக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தில் உள்ள இனங்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டன. திருச்சி சுங்கத்துறைக்கு இந்த வகைச் சரக்கு புதிதும் அல்ல. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைப் பிடித்தவர்கள் அவர்கள்.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். மலேரியாவுக்கு மாத்திரை உண்டு. ஊர் திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை அதை நிறுத்தக்கூடாது. ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஃபால்சிபாரம் வகை, கொசு கடித்துப் பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலாகக் கிளம்பும். தாமதித்தால் மூளையைத் தாக்கிக் கொல்லும். வந்தபின் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு படுக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.