பக்கத்துல வேணும், ஆனா யாருக்கும் தெரியக்கூடாது: காரைக்காலில் மனநல உதவி தேடுவது

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, சித்தி மகள் போன் பண்ணினாள். காரைக்காலில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் மாமியார், பத்தாவது படிக்கிற பையன், சின்னவள்.

"அண்ணே, நம்ம ஊர்ல நல்ல மனசு டாக்டர் யாராச்சும் தெரியுமா?"

குரலை ரொம்பத் தணித்துப் பேசினாள். பக்கத்து அறையில் ஆள் இருப்பது புரிந்தது. யாருக்கு என்று கேட்டேன். "எனக்குன்னே வச்சுக்கண்ணே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்துலயே இருக்கணும். ஆனா நம்ம ஆளுங்க யாருக்கும் தெரியக்கூடாது."

இந்த ரெண்டு நிபந்தனையும் சேர்ந்துதான் மொத்தச் சிக்கலே. பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் தூரம் போகணும். தூரம் போனால் வாராவாரம் போக முடியாது. அவளுக்காக நான் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். பரப்பு 160 சதுர கிலோமீட்டர் அளவுதான். மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிர்வாகமோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில். பெரிய வைத்தியம் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜிப்மர்தான் ஞாபகம் வரும். உடம்புக்கு வந்தால் ராத்திரி வண்டி பிடித்துப் போய்விடலாம். மனசுக்கு வந்தால், போவதற்கே ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் நேரம் சரியில்லை என்றால் எங்கள் பக்கம் வருவார்கள். திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுச் சனி பகவானைக் கும்பிட்டுப் போவார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் நாகூர் தர்கா, அதைத் தாண்டி வேளாங்கண்ணி. ஊர் உலகமே கஷ்டத்தை இறக்கி வைக்க வருகிற இடத்தில் குடியிருக்கிறோம். அதனாலேயே இங்கே ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், "ஏழரை நடக்குது, விட்டுப் போயிடும்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலில் ஆறுதல் இல்லாமல் இல்லை. ஆனால் ஏழரை முடிய ஏழரை வருஷம் ஆகும். பத்தாவது படிக்கிற பையனுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

நிலைமை லேசானதும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கைப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் அது 31.8. நாங்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறோம்.

யாரைப் பார்ப்பது?

"கவுன்சிலரைப் பார்க்கணும்" என்று சொன்னால், "எந்த வார்டு?" என்று கேட்கிற ஊர் இது. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்கலாம். பல வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறது, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்றால் முதலில் இவரிடம்தான் போக வேண்டும்.

மருத்துவ உளவியலாளர்: மருந்து தரமாட்டார். பேச்சு வழியாகச் சிகிச்சை செய்வார். பிள்ளைகளின் கற்றல் சிரமம் மாதிரியானவற்றைச் சோதித்துச் சொல்வார். இவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. "உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்னங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

மனநல சமூகப் பணியாளர்: குடும்பம், வேலை, பணம், ஊர் என்று நோயாளியைச் சுற்றியுள்ளதைப் பார்ப்பவர். குடும்பப் பிரச்சினைக்கு இவர் பேச்சு பல நேரம் கைகொடுக்கும். பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இருப்பார்.

ஆலோசகர்: இங்கேதான் கவனம் வேண்டும். இந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதி மாட்டிக்கொள்ள முடிகிற நிலைதான் நெடுங்காலமாக இருந்து வருகிறது. உளவியலில் முதுகலை படித்து, மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி எடுத்த நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கே தேடுவது?

நான் கற்றுக்கொண்ட சுலபமான வழி ஒன்று: மருத்துவக் கல்லூரியைத் தேடுங்கள். எம்.பி.பி.எஸ். சொல்லிக்கொடுக்கிற கல்லூரி என்றால் மனநலப் பிரிவு இருந்தாக வேண்டும் என்பது விதி. காரைக்காலிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் நாகப்பட்டினத்தில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. திருவாரூரில் ஒன்று, தஞ்சாவூரில் பழைய பெரிய ஆஸ்பத்திரி. ஆதார் அட்டையில் புதுச்சேரி என்று இருப்பதால் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்க்க மாநில எல்லை தடையில்லை. காப்பீட்டுத் திட்டங்கள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அரசு பொது மருத்துவமனையிலும் கேட்க வேண்டும். தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. அதை மாவட்ட அளவுக்குக் கொண்டுபோக மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. புறநோயாளிச் சீட்டுப் போடுகிற இடத்தில், "மனநலப் பிரிவு என்னென்ன கிழமை? எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். யாருக்கு, எதற்கு என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை.

வெளியே கிளம்பவே முடியாது என்றால் 14416. டெலி மானஸ் என்கிற இந்த அரசு சேவை 2022 அக்டோபர் 10-இல், உலக மனநல நாளன்று தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாதிரியான நிபுணரிடம் மாற்றிவிடுவார், அல்லது நேரில் பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்வார். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால் வழி வேறு. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிற ஆலோசனை அங்கே முதல் படியாக இருக்கக் கூடாது. அறையில் சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, அவசரம் என்றால் 112.

தெரிந்துவிடுமே?

தங்கச்சியின் பெரிய பயம் இதுதான். "சீட்டு குடுக்குற எடத்துல நம்ம தெருப் பொண்ணு வேலை பாக்குதுண்ணே" என்றாள். நியாயமான பயம். சட்டம் சொல்வதையும் நாம் செய்யக்கூடியதையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

2017-இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. சிகிச்சை தருகிறவர் நம் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. நமக்கோ மற்றவருக்கோ உயிராபத்து என்பது மாதிரியான சில விலக்குகள் உண்டு. "பைத்தியம்னு எழுதிட்டா சொத்து, பிள்ளைங்க எல்லாம் போயிடுமா?" என்றும் கேட்டாள். போகாது. மனநோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதுவதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 115-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்காதீர்கள்.

சட்டம் தெரு வாயை மூடாது என்பதும் உண்மை. அதனால் நடைமுறையில்: முதல் சந்திப்பைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொள்ளலாம். நோய் என்ன என்று பிடிபட்ட பிறகு, அடுத்தடுத்த சந்திப்புகளைப் போனிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். முழுக்கத் தெரியாமல் வைத்திருப்பதைவிட, நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லிவைப்பது நல்லது. கூட வர, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

குடும்பத்தையும் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம். நம் பக்கத்தில் இது புதுசும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களில் தொடங்கியதிலிருந்தே, நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது வழக்கம். பஞ்சாபின் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் அதே காலத்தில், மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்தார். வீட்டார் பார்த்துப் பழகினால் வீட்டுக்குப் போன பிறகு நோயாளியை ஒதுக்க மாட்டார்கள் என்பது அனுபவம்.

எங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில் நடந்த கதை மஞ்சக்குடியுடையது. திருவாரூர் மாவட்டத்துக் கிராமம். சென்னை டி.டி.கே. மருத்துவமனையை 1980-இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிநோயாளிகளைச் சென்னைக்கு வரச்சொல்வதற்குப் பதிலாக இங்கே முகாம் போட்டார். அந்த அனுபவத்தை 1994-இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். வீட்டுக்காரர்களையும் ஊரையும் சேர்த்துக்கொண்ட முகாம் அது. ஊருக்குள்ளேயே, ஊருக்குத் தெரிந்தேதான் சிகிச்சை நடந்தது. மறைத்துத்தான் ஆக வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்வதைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிற உதாரணம்.

உஷாராக இருக்க வேண்டிய இடங்கள்

"இத்தனை நாளில் குணம்" என்று உத்தரவாதம் கொடுப்பவர். முழுசாகக் கேட்காமலே "நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்" என்று தீர்ப்புச் சொல்பவர். இன்னொரு வீட்டுக் கதையை நம்மிடம் சொல்பவர். நாளைக்கு நம் கதை அடுத்த வீட்டுக்குப் போகும். பெயர் சொல்லாத பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்பவர். இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற இல்லங்கள் என்றால் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே விட்டவர்களும் குணமாகட்டும் என்றுதான் விட்டார்கள். இன்று சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

முதல் நாள்

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். ஒரு துண்டுத் தாளில் நாலு வரி போதும்: என்ன கஷ்டம், எப்போதிலிருந்து, தூக்கமும் சாப்பாடும் எப்படி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன. கட்டணம் எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். ரெண்டு மூணு தடவை போயும் மனசு ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம். அதற்காகச் சிகிச்சையையே விட்டுவிட வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் இந்தத் தேடல் எல்லாம் அப்புறம். தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எடுத்து மறைத்து வையுங்கள், 14416-க்குப் போடுங்கள், அல்லது பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அதன் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

தங்கச்சி என்ன செய்தாள்? மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் 14416-க்குப் பேசினாள். அப்போதுதான் என்னிடமும் சொன்னாள், பிரச்சினை அவளுக்கு மட்டும் இல்லை என்று. பையன் மூணு மாசமாகப் பேச்சையே குறைத்திருந்தான். அவன் நோட்டில் எழுதியிருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். மறுநாளே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாமியாரிடம் "கண் டெஸ்ட்" என்று சொல்லியிருந்தாள். இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போகிறார்கள். பையன் சாப்பிடுகிறான், கொஞ்சம் சண்டையும் போடுகிறான்.

நாலாவது தடவை கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்: "கண்ணுக்கு இத்தனை தடவையா போவாங்க? எந்த டாக்டர்னு எனக்குத் தெரியும். எனக்கும் ராத்திரில தூக்கம் வரல, என்னையும் கூட்டிட்டுப் போ."