பிள்ளை இல்லையா? பழி யாருக்கு?

புதூர்ப் பக்கம் கரிசல் பூமி. மழை பெய்தும் பருத்தி முளைக்கவில்லை என்றால், சம்சாரி விதையையும் எடுத்துப் பார்ப்பார். நிலத்தை மட்டும் குறை சொல்ல மாட்டார்.

வீட்டில் பிள்ளை இல்லை என்றால் மட்டும் மனைவியை "மலடி" என்கிறார்கள். கணவனுக்கு இரண்டாவது பெண் தேடுகிறார்கள். இது நியாயமா?

கரு உண்டாவது எப்படி?

மாதம் ஒரு முறை பெண்ணின் முட்டை வெளிவருகிறது. அதன் ஆயுள் ஒரே நாள்தான்! ஆணின் உயிரணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டும் கருக்குழாயில் கூடினால் கரு. குழாய் அடைத்திருந்தாலும் கரு உண்டாகாது. உயிரணு குறைந்தாலும் உண்டாவது கடினம். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், ஆணிடமும் குறை இருக்கிறது.

சோதனைக் குழாய்க் குழந்தை

குழாய் அடைத்தவர்களுக்கும் வழி பிறந்தது. உடலுக்கு வெளியே உண்டான கருவிலிருந்து, 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயி பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். 1990-ல் சென்னையிலும் அந்த அதிசயம் நடந்தது. நடத்தியவர், நடிகர் ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ்.

என்ன செய்யலாம்?

ஓராண்டு ஆகியும் கரு தங்கவில்லையா? டாக்டரிடம் போங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். ஆணுக்கு முதல் சோதனை எளிது. விந்துவைக் கொடுத்தால் போதும். கத்தி இல்லை, வலி இல்லை.

கோவிலில் தொட்டில் கட்ட இருவரும் சேர்ந்து போகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கும் இருவருமே போங்கள்!