பூட்டும் காவலும்

உலகில் இரவு பகல் ஓய்வின்றி உழைக்கும் கணிப்பொறிகள் பல உள. இரயில் சீட்டுப் பதிவு, வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் முதலிய பணிகளை அவை ஆற்றுகின்றன. கேட்போர்க்கு வேண்டுவனவற்றை வழங்குவதால் அவற்றை வழங்கிகள் என்பர். சர்வர் என்பதும் அதுவே. வழங்கி ஓரிடத்தில் இருக்க, அதனைப் பேணுவோர் பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பர். அவர் தம் இடத்திலிருந்தே வலைப்பின்னல் வழியாக அதனுள் நுழைந்து கட்டளை இடுவர். அங்ஙனம் நுழைவதற்கு வாயில் வேண்டும். வாயிலுக்குக் காவலும் வேண்டும் அன்றோ?

முன்னாளில் அக்காவல் மிக எளியதாய் இருந்தது. நுழைவோர் அனுப்பும் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப்போல, வழியில் பிறர் படிக்கக் கூடியதாகவே சென்றது. 1995-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கு ஆராய்ச்சி செய்துவந்த தாத்து யூலோனன் என்பார் இதற்கு மாற்றுத் தேடினார். இரு முனைகளுக்கிடையே செல்லும் செய்தி முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் கருவியைப் படைத்தார். அதுவே எஸ்.எஸ்.எச். எனப்படுவது. 1999-ஆம் ஆண்டில் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர், அதன் தொடக்கப் பதிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் கருவியை ஆக்கி, எல்லார்க்கும் விலையின்றி அளித்தனர்.

விலையின்மை மட்டும் அதன் சிறப்பன்று. கணிப்பொறிக்கு மாந்தர் எழுதும் கட்டளைத் தொகுதியை மூலநிரல் என்பர். ஓப்பன் எஸ்.எஸ்.எச். கருவியின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம். இத்தகையவற்றைத் திறந்த மூலக் கருவிகள் என்பர். பூட்டின் உள்ளமைப்பை ஊரறியக் காட்டினால் கள்வர்க்கு எளிதாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். நல்ல பூட்டின் வலிமை, அமைப்பு மறைந்திருப்பதில் இல்லை. சாவி மறைந்திருப்பதில் உள்ளது. அமைப்பை வல்லுநர் பலர் ஆராய்ந்தால் குறைகள் வெளிப்படும், வெளிப்பட்டவை திருத்தப்படும்.

ஆயினும், காணலாம் என்பது வேறு. கண்டனர் என்பது வேறு. இவ்வுண்மையை 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உலகுக்கு உணர்த்தியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு கருவியைப் பல்லாண்டுகளாகத் தனியொருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். 2021-ஆம் ஆண்டு முதல் ஜியா டான் என்னும் பெயர் பூண்ட ஒருவர் இப்பணியில் பங்கு கொண்டார். பல திருத்தங்களைச் செய்து நம்பிக்கை பெற்றார். நாளடைவில் புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பையும் அடைந்தார். 2024 பிப்ரவரித் திங்களில் வந்த பதிப்பில், சோதனைக் கோப்புகளுக்குள் கள்ளவாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டது. லினக்ஸ் தொகுப்புகள் சிலவற்றில், எஸ்.எஸ்.எச். இயங்கும்போது இச்சிறு கருவியின் பகுதியும் உடன் இயங்கும். ஆதலின் வாயிற்காவலனே வஞ்சகனுக்கு வழிவிடும் நிலை நேர்ந்தது.

அந்நாளில் ஆண்ட்ரேஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழியாக நுழைகையில் ஏறத்தாழ அரை நொடி தாமதம் ஏற்படுவதைக் கண்டார். பிறர் பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடிய அச்சிறு தாமதத்தின் காரணத்தை அவர் துருவித் துருவி ஆராய்ந்தார், கள்ளவாயிலைக் கண்டறிந்தார், மார்ச்சு 29-ஆம் நாள் அதனை உலகறிய அறிவித்தார். அப்பதிப்பு அதுவரை பெரும்பாலும் சோதனைத் தொகுப்புகளையே அடைந்திருந்தமையால் பெருங்கேடு தவிர்ந்தது.

கருவி திறந்திருந்தமையால் பொறியாளர் அதனை ஆராய முடிந்தது. பேணுவோர் தனித்திருந்தமையால் வஞ்சகர் உள்ளே புக முடிந்தது. ஊருணியில் நீர் முகப்போர் பலராயின், அதனைத் தூர் எடுப்போரும் பலராதல் வேண்டும். பொதுக் கருவிகளால் பயன் பெறும் நிறுவனங்கள் பொருளுதவி புரியலாம். கற்றவர் தம் உழைப்பை நல்கலாம். இளைஞர் மூலநிரலைப் படித்துப் பழகலாம். திறந்த கருவிக்கு விழித்த கண்களே காவல்.