‘கமிஷன் இல்லை’ போர்டை நம்பலாமா? டூர் போகும் முன் வெளிநாட்டுப் பணத்தை மலிவாக வாங்குவது எப்படி?

விமான டிக்கெட்டில் 500 ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு ஆப் தேடுபவர்கள்கூட, வெளிநாட்டுப் பணம் வாங்கும்போது ஒரே ஒரு கவுன்ட்டரில் கேட்டு, சொன்ன ரேட்டுக்கே வாங்கிவிடுகிறார்கள். அதுவும் ஏர்போர்ட்டில், போர்டிங்குக்கு முந்தைய அவசரத்தில். டிக்கெட்டில் சேமித்ததைப் போல பல மடங்கு அங்கே போய்விடுகிறது. ரசீதில் ‘கட்டணம்’ என்று தனியாக எதுவும் இருக்காது என்பதால், போனதே பலருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது? எப்படித் தப்பிப்பது?

முதலில், எது சரியான ரேட்?

கூகுளில் ‘டாலர் ரேட்’ என்று தேடினால் வருவது நடு விலை. வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த விலைக்கு நமக்கு நோட்டு கிடைக்காது. ஆனால், ஒரு கடை எவ்வளவு அதிகம் கேட்கிறது என்பதை அளக்க அதுதான் அளவுகோல்.

பணம் மாற்றும் கடை போர்டில் இரண்டு விலை இருக்கும். ‘வீ பை’ என்பது கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை. ‘வீ செல்’ என்பது நமக்கு விற்கும் விலை. டூர் கிளம்புபவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. அதற்கும் நடு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடையின் லாபம். ‘ஜீரோ கமிஷன்’ என்று எழுதியிருந்தாலும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பல நேரங்களில், கமிஷன் கேட்காத கடையில்தான் அது அதிகமாகவும் இருக்கும்.

1,000 டாலருக்கு ஒரு கணக்கு

புரிவதற்காக, ஒரு டாலரின் நடு விலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலர் தேவை.

* நகரத்தில் நாலு இடம் விசாரித்து, 90.80 ரூபாய்க்கு நோட்டாக வாங்கினால்: 90,800 ரூபாய். ஜி.எஸ்.டி. சுமார் 163 ரூபாய். மொத்தம் 90,963.
* கடைசி நேரத்தில் ஏர்போர்ட் கவுன்ட்டரில் 94 ரூபாய்க்கு வாங்கினால்: ஜி.எஸ்.டி.யோடு 94,169.
* சாதாரண கிரெடிட் கார்டை அங்கே போய் ஸ்வைப் செய்தால்: 3.5 சதவீத மார்க்அப், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் சுமார் 93,717.
* ‘ஜீரோ மார்க்அப்’ கார்டு என்றால்: 90,000-ஐ ஒட்டி முடிந்துவிடும்.

முதல் இரண்டுக்கும் மட்டுமே 3,200 ரூபாய் வித்தியாசம்.

இதில் ஜி.எஸ்.டி.யைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அந்தத் தொகையின் 1 சதவீதம்தான் சேவையின் மதிப்பாகக் கணக்கிடப்படும். அந்த 1 சதவீதத்தின் மீதுதான் 18 சதவீத வரி. ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், அவ்வளவுதான். பாக்கெட்டைக் காலி செய்வது வரி அல்ல, ரேட்.

எந்தக் கார்டு?

கார்டு மார்க்அப் வங்கிக்கு வங்கி மாறும். பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். இதை வாங்காத கார்டுகளும் இப்போது சந்தையில் உள்ளன. அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் அப்படி ஒன்றை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது.

ஃபாரெக்ஸ் கார்டில் பணத்தை முன்பே ஏற்றிவிடுவதால், அன்றைய ரேட் உறுதியாகிவிடும். ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டாலர் ஏற்றிய கார்டை தாய்லாந்தில் தேய்த்தால், டாலரை பாட்டாக மாற்றுவதற்கு இன்னொரு கட்டணம் பிடிப்பார்கள். போகும் நாட்டின் பணத்தையே ஏற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குவதே சரி.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கி ஆப்பில் ‘இன்டர்நேஷனல் யூசேஜ்’ ஆன் செய்யாவிட்டால், அங்கே கார்டு வேலை செய்யாது.

எல்லா நாட்டுக்கும் ஒரே வழியா?

இல்லை. சிங்கப்பூர் டாலர், துபாய் திர்ஹாம் போன்றவை இங்கேயே எளிதாகக் கிடைக்கும். நேரடியாக வாங்கிவிடலாம். தாய்லாந்து பாட், வியட்நாம் டாங் போன்றவற்றுக்கு இங்கே கிராக்கி குறைவு, அதனால் கடைக்காரரின் லாபம் அதிகம். அதற்காகத்தான் பலர் இங்கே அமெரிக்க டாலர் வாங்கி, பாங்காக் போய் மாற்றுகிறார்கள்.

அப்படிச் செய்தால் புதிதான 100 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ‘சூப்பர்ரிச்’ போன்ற கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், 20 டாலர் நோட்டுக்கு அதைவிடக் குறைந்த ரேட். கிழிந்தது, பேனாவால் எழுதியது என்றால் வாங்கவே மாட்டார்கள். பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூட்டான், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் சில கடைகளில் யு.பி.ஐ. செல்லும். ஆனால் எல்லாக் கடையிலும் கிடையாது. அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

மெஷின் கேட்கும் அந்தக் கேள்வி

வெளிநாட்டுக் கடையில் கார்டை நீட்டியதும் சில மெஷின்கள் கேட்கும்: ‘இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் பணத்திலா?’ ரூபாய் என்றால் கணக்கு புரியுமே என்று பலர் அதையே அழுத்திவிடுகிறார்கள். அதுதான் பொறி.

ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை முடிவு செய்வது அந்தக் கடையின் பக்கம் உள்ள நிறுவனம். அது தன் லாபத்தைச் சேர்த்துத்தான் ரேட் போடும். போதாததற்கு, வெளிநாட்டில் ரூபாயில் கட்டினாலும் இங்குள்ள பல வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் போடுகின்றன. ஜீரோ மார்க்அப் கார்டு வைத்திருந்தாலும் பலன் போயிடும். எனவே, கடையோ ஏ.டி.எம்.மோ, எப்போதும் உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏ.டி.எம்.மில் அடிக்கடி எடுக்கலாமா?

தாய்லாந்து ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 பாட் எடுத்தால் 1.1 சதவீதம். இது தவிர, நம் வங்கியும் கட்டணம் பிடிக்கலாம். தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் எடுப்பதே லாபம்.

கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்கவே கூடாது. ரொக்கக் கட்டணத்தோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

* பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் எடுத்துச் செல்லலாம். மீதியைக் கார்டில்தான் கொண்டுபோக வேண்டும்.
* 50,000 ரூபாய்க்கு மேல் என்றால், கடைக்கு ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்டணும்.
* ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், சுற்றுலாச் செலவுக்கு வாங்கும் பணத்தின் மீது 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். இது 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு. வருமான வரி கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம், அல்லது திரும்பப் பெறலாம்.
* மீந்த பணத்தில் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால், ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாதவர்கள் இன்னும் நல்ல ரேட் தருவதாக ஆசை காட்டலாம். கள்ள நோட்டு மாட்டினால் கேட்க நாதி இல்லை. அதோடு, ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். ஒரு டாலருக்கு 50 பைசா மிச்சம் பிடிக்க எடுக்கும் ரிஸ்க் அல்ல அது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குவது முதல் படி. டாக்சி, தெருக்கடைச் சாப்பாடு, அவசரத் தேவைக்கு மட்டும் நோட்டு. பெரிய செலவுகளுக்கு மார்க்அப் இல்லாத கார்டு. அது தொலைந்தாலோ முடங்கினாலோ பயன்பட, வேறு பையில் இன்னொரு கார்டு. மிச்சமாகும் அளவுக்கு நோட்டு வாங்கக் கூடாது. திரும்பி வந்து விற்கும்போது ‘வீ பை’ விலைதான் கிடைக்கும், இரண்டாவது முறையும் நஷ்டம். சில்லறைக் காசுகளைப் பொதுவாக யாரும் வாங்குவதில்லை.

எந்தக் கடையில் நின்றாலும் ‘கமிஷன் எவ்வளவு?’ என்று கேட்பதால் பயனில்லை. ‘எல்லாம் சேர்த்து, என் கையில் 1,000 டாலர் வர நான் மொத்தம் எவ்வளவு ரூபாய் கட்டணும்?’ என்று கேட்டு, அந்தத் தொகையை மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எங்கே வாங்குவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.