பழைய அமெரிக்கக் காரும் அதன் பிரேக்கும்

திருவனந்தபுரம்–நாகர்கோவில் நெடுஞ்சாலையில் 1965-ஆம் ஆண்டு ஃபோர்டு முஸ்டாங் ஒன்று விரைகின்றது எனக் கொள்வோம். அமரவிளைச் சோதனைச் சாவடியருகே லாரிகள் நிற்கின்றன. வண்டி நிற்குமா? 1967-ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்திய முஸ்டாங்குகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெயின் மூலம் ஒன்றே. ஒரு ரப்பர்க் குழாய் வெடிப்பின் நான்கும் ஒருங்கே செயலிழக்கும்.

ஆதலின் உறுப்பு தேடுவோர் பிரேக்கிலிருந்தே தொடங்குக. இரும்பு உறுப்புகளைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழம்பொருட் கடைகளில் தேடலாம். ரப்பரோ பயன்படாது கிடந்தாலும் கெடும், புதிதே வேண்டும். அமெரிக்காவில் அது இன்றும் செய்யப்படுகின்றது. வண்டியின் ஆண்டையும், முன்சக்கரத்தில் டிரம் பிரேக்கா டிஸ்க் பிரேக்கா என்பதையும் குறித்து வரவழைத்தல் வேண்டும். போல்ட்டுகள் அங்குல அளவின. மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முறுக்கினால் மரை அழியும். கழற்றிய உறுப்பை எறியற்க. புதியதற்கு அதுவே அளவுகோல்.