டார்வின் கடிதத்தை ஒளித்து வைத்தாரா? 'தபால் முத்திரை' விவகாரம்

டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் நடக்கப் போனவர்கள் 'வாலஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க.

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854இல் சிங்கப்பூர் வந்து, புக்கித் தீமா காட்டில் வண்டு பிடித்த ஆங்கிலேயர். ஏறக்குறைய இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார்!

1858இல் அவர் இப்போதைய இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவில் இருந்தார். அங்கிருந்து இங்கிலாந்தில் இருந்த சார்ல்ஸ் டார்வினுக்கு ஒரு கடிதமும் கட்டுரையும் அனுப்பினார்.

உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பது பற்றி டார்வின் சுமார் 20 ஆண்டு யோசித்தும் வெளியிடாமல் வைத்திருந்த அதே விளக்கம் அந்தக் கட்டுரையில் இருந்தது. அதிர்ந்துபோன டார்வின், நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லையலுக்கு எழுதினார்.

லையலும் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இருவர் எழுதியதையும் லண்டன் லின்னியன் சங்கத்தில் ஒரே நாளில் வாசித்துவிடலாம். 1788இல் தொடங்கிய அந்தச் சங்கம், இயற்கை ஆய்வாளர்கள் கூடும் இடம்.

1858 ஜூலை 1ஆம் தேதி வாசிப்பு நடந்தது. குழந்தையைப் பறிகொடுத்துச் சில நாள்களே ஆகியிருந்ததால் டார்வின் வரவில்லை. வாலஸுக்கோ விஷயமே தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. அது சரியில்லைதான்.

யார் முதலில் யோசித்தது என்பதற்கு டார்வின் தரப்பில் காட்டிய ஆதாரங்களில் ஒன்றும் கடிதம்தான்: 1857 செப்டம்பரில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு அவர் எழுதியது. இப்போ நாம் பழைய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுவதுபோல.

சந்தேகம் எங்கே வந்தது?

வாலஸ் அனுப்பியது கிடைத்ததும் டார்வின் லையலுக்கு எழுதிய கடிதத்தில் மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. '18' மட்டும்தான். அது ஜூன் 18 என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஆனால் தெர்னாத்தேயிலிருந்து வாலஸ் எழுதிய இன்னொரு கடிதம் பத்திரமாகக் கிடைத்தது. லெஸ்டர் நகரிலிருந்த ஃபிரெட்ரிக் பேட்ஸுக்கு எழுதியது. கடிதத்தின் தேதி மார்ச் 2. சிங்கப்பூர் முத்திரை ஏப்ரல் 21. லண்டன் முத்திரை ஜூன் 3.

டார்வினுக்கான கடிதமும் அதே கப்பலில் வந்திருந்தால்? ஜூன் 3ஆம் தேதியை ஒட்டியே அவர் கைக்குக் கிடைத்திருக்கும். அப்படின்னா நடுவில் இரண்டு வாரம் என்ன செய்தார்? வாலஸின் யோசனையை எடுத்துத் தன் எழுத்தில் சேர்த்துக்கொண்டார் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். ஓர் அறிஞர்மேல் வைக்கக்கூடிய ரொம்பப் பெரிய குற்றச்சாட்டு அது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பதில்

2012இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் வான் வைஹ, கீஸ் ரூக்மாக்கர் இருவரும் அந்தக் காலத் தபால் கப்பல் அட்டவணைகளைத் தோண்டி எடுத்தார்கள்.

வாலஸ் அனுப்பியது, டார்வினின் முந்தைய கடிதத்துக்கான பதில். டார்வினின் கடிதம் தெர்னாத்தேக்கு வந்தது மார்ச் 9ஆம் தேதிக் கப்பலில். அந்தக் கப்பல் கிளம்புவதற்குள் பதில் எழுதி அனுப்பியிருக்க முடியாது. அடுத்த மாதக் கப்பலில்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி அது டார்வின் வீட்டுக்கு வந்து சேர்வது சரியாக ஜூன் 18 என்பது அவர்கள் வாதம்.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது. ஆனாலும் அது கணக்கு மட்டும்தான், முத்திரை கிடையாது. டார்வினுக்கு வாலஸ் அனுப்பிய கடிதமும் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியும் இன்றுவரை கிடைக்கவில்லை. கடித உறையும் இல்லை.

வாலஸ் என்ன சொன்னார்? அக்டோபரில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. 6ஆம் தேதி ஹூக்கருக்கு நன்றி சொல்லி எழுதினார். அதே நாளில் அம்மாவுக்கும் எழுதி, இரண்டு பெரிய அறிஞர்களிடமிருந்து தனக்குக் கடிதம் வந்திருப்பதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். வாலஸின் கடிதங்களும் இணையத்தில் உள்ளன.